கடல் உண்மையிலேயே உயர்கிறதா? ஐயம் எழுப்பிய வாசகர்களுக்குப் பதில்கள்

1901 முதல் 2018 வரையிலான காலத்தில் உலகக் கடல்களின் சராசரி மட்டம் ஏறத்தாழ 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது என்றும், 1970களிலிருந்தாவது இந்த உயர்வுக்கு முதன்மைக் காரணம் மனிதச் செயல்பாடே என்றும் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதை ஏற்க மறுத்து வந்த கடிதங்களே மிகுதி. வெறும் வசவாக இருந்தவற்றை ஒதுக்கிவிட்டேன். எஞ்சியவற்றில் பல, இத்துறை ஆய்வாளர்கள் தங்களுக்குள்ளேயே பல்லாண்டு வாதிட்ட கேள்விகள். ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் ஐயுறுவோருக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது; சில கரைகளில் அந்த வேறுபாடு பல மீட்டர். போதாக்குறைக்கு அலைகள் வேறு. ஒரு நொடிகூட நிலையாக நில்லாத இந்த நீர்ப்பரப்பு ஆண்டுக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் உயர்கிறது என்று சொன்னால் எப்படி நம்புவது? (ஓய்வு பெற்ற கட்டுமானப் பொறியாளர்)

பதில்: கடலின் இந்த அன்றாட ஏற்ற இறக்கத்துக்கு ஓதம் என்று பெயர்; அதை அளக்கத் துறைமுகங்களில் இருந்த பழைய ஓதமானியைப் பார்த்தால் பாதி ஐயம் தீர்ந்துவிடும். கரைச்சுவரை ஒட்டிச் செங்குத்தாக ஒரு குழாய். அதன் அடியில் ஒரு சிறு துளை. நீர் அந்தத் துளை வழியாக மட்டுமே உள்ளே வர முடியும் என்பதால், வெளியே அலை எவ்வளவு மோதினாலும் குழாய்க்குள் நீர் நிதானமாகவே ஏறி இறங்கும். அந்நீரில் ஒரு மிதவை. மிதவையோடு இணைத்த எழுதுகோல், கடிகாரத்தால் சுழலும் உருளையில் சுற்றிய தாளின் மீது கோடு இழுத்துக்கொண்டே போகும். அலைகளின் தொல்லை அங்கேயே பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. ஓதமோ சூரிய சந்திரர்களின் இயக்கத்துக்குக் கட்டுப்பட்டது. மணிக்கொருமுறை எடுத்த அளவுகளை ஆண்டு முழுவதற்கும் சேர்த்துச் சராசரி கண்டால் ஏறியதும் இறங்கியதும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். நிலவின் சுற்றுப்பாதையில் 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழன்று வரும் ஒரு மாற்றம் உண்டு என்பதால், இருபது ஆண்டுக்குக் குறைந்த பதிவை மட்டும் கொண்டு முடிவுகட்டுவதை இத்துறையினர் விரும்புவதில்லை. ஆம்ஸ்டர்டாமில் 1700 முதலும், சான் பிரான்சிஸ்கோவில் 1854 முதலும் பதிவுகள் இருப்பது இதனால்தான் அத்தனை மதிப்புடையதாகிறது.

1992இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்/போசைடன் செயற்கைக்கோளும், அதன் வழிவந்த ஜேசன் வரிசையும், 2020இல் ஏவப்பட்ட சென்டினல்-6உம் ஏறக்குறைய 1,336 கி.மீ. உயரத்திலிருந்து ரேடார் துடிப்பைக் கடல் மீது அனுப்பி, அது திரும்பி வர எடுக்கும் நேரத்தைக் கொண்டு நீர்மட்டத்தைக் கணக்கிட்டு வந்திருக்கின்றன. தனியோர் அளவீட்டில் சில சென்டிமீட்டர் பிழை இருக்கவே செய்யும். ஆனால் பத்து நாளுக்கு ஒருமுறை ஒரே பாதையில் திரும்பி வந்து இலட்சக்கணக்கான அளவுகளை எடுக்கும்போது, முன்பின்னாகச் சிதறும் பிழைகள் சராசரியில் கரைந்துவிடுகின்றன. கருவியே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் மட்டும் எத்தனை இலட்சம் அளவு எடுத்தாலும் அது கரையாது. நீங்கள் அஞ்ச வேண்டிய பிழை அதுதான். அதைப் பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார், கீழே வருகிறேன்.

கேள்வி: ஸ்டாக்ஹோமில் கடல்மட்டம் ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே இருப்பதாகப் படித்தேன். ஒரு கடல் உயரும்போது இன்னொரு கடல் எப்படி இறங்கும்? எல்லாம் ஒன்றோடொன்று இணைந்த நீர்தானே? (புவியியல் ஆசிரியர்)

பதில்: நீங்கள் படித்தது முற்றிலும் உண்மை. அங்கே கரையோடு ஒப்பிட்டால் நீர் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 மி.மீ. இறங்கி வந்திருக்கிறது. இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர், வெப்பமானிக்குத் தம் பெயரைத் தந்த ஆண்டர்ஸ் செல்சியஸ். 1731இல் அவர் சுவீடனின் யேவ்லே நகருக்கு அருகே ஒரு தீவுப் பாறையில் அன்றைய நீர்மட்டத்தைக் கோடாகச் செதுக்கி வைத்தார். அதைவிடச் சுவையானது அவர் தேடிய பழஞ்சான்று. கடல்நாய்கள் ஏறிப் படுப்பதற்கு நீர்மட்டத்தை ஒட்டிய பாறை வேண்டும். அத்தகைய பாறைகள் வேட்டைக்காரர்களின் சொத்தாக இருந்ததால் பழைய ஆவணங்களில் அவற்றைப் பற்றிய குறிப்பு உண்டு. ஒரு காலத்தில் மதிப்பாக இருந்த பாறைகள் நீரைவிட்டு மிக மேலே வந்துவிட்டதால் பயனற்றுப்போயிருந்தன. கடல்நீர் குறைந்துவருகிறது என்று செல்சியஸ் முடிவு செய்தார்.

அவதானிப்பு சரி, விளக்கம்தான் தவறு. இறங்கியது கடலன்று, ஏறியது நிலம். பனியூழிக் காலத்தில் அப்பகுதியைக் கிலோமீட்டர் கணக்கான தடிமனில் அழுத்திக்கொண்டிருந்த பனிவிரிப்பு உருகிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆன பிறகும், அமுக்கப்பட்ட நிலம் இன்னும் மேலெழுந்துகொண்டிருக்கிறது. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையே உள்ள போத்னியா வளைகுடாவின் வடபகுதியில் அது ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டரை நெருங்குகிறது. எல்லாக் கடலும் இணைந்த நீர் என்பதால் மட்டம் எங்கும் ஒரே அளவில் மாறும் என்பதும் இல்லை. காற்று, நீரோட்டம், வெப்பம் ஆகியன ஓரிடத்தில் நீரைக் குவித்து இன்னோரிடத்தில் குறைக்கும்.

ஸ்டாக்ஹோமைக் காட்டி 'உயர்வே இல்லை' என்பது எவ்வளவு பிழையோ, ஜகார்த்தாவைக் காட்டி 'பாருங்கள், காலநிலை மாற்றம் ஊரை விழுங்குகிறது' என்பதும் அவ்வளவே பிழை. நிலத்தடி நீரை உறிஞ்சியதால் அந்நகரின் வடபகுதியில் சில இடங்கள் ஆண்டுக்குப் 10 செ.மீ.க்கு மேலும் அமிழ்ந்திருக்கின்றன. கடலின் பங்கு அதில் மிகச் சிறிது. முதல் பிழையைக் கண்டிப்போர் இரண்டாவதைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் ஐயுறுவோருக்குத் தீனி போடுகிறது.

கேள்வி: தாஸ்மானியாவில் 1841ஆம் ஆண்டு பாறையில் வெட்டிய கடல்மட்டக் குறி இன்றும் நீருக்கு மேலேயே தெரிகிறதே? படமே இருக்கிறது. (பெயர் குறிப்பிடாதவர்)

பதில்: போர்ட் ஆர்தருக்கு அருகே சிறு தீவு ஒன்றில் உள்ள குறி அது. துருவக் கடல் பயணி ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அங்கு வந்தபோது, அங்கே ஓதங்களை அளந்துவந்த தாமஸ் லெம்ப்ரியர் என்ற அதிகாரியின் துணையோடு அது வெட்டப்பட்டது. ராஸ் பின்னர் எழுதியதை வைத்துப் பார்த்தால், அக்குறி அன்றைய சராசரி நீர்மட்டத்தில் வெட்டப்பட்டது என்று தோன்றும். இன்று அது சராசரி நீருக்கு ஏறக்குறைய 30 செ.மீ. மேலே நிற்கிறது. அப்படியானால் கடல் இறங்கியிருக்க வேண்டும் அல்லவா? வாதம் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

ஆனால் லெம்ப்ரியரின் சொந்த அளவீட்டுப் பதிவுகள் பழைய ஆவணங்களிலிருந்து மீட்கப்பட்டன. 1841, 1842ஆம் ஆண்டுகளின் அப்பதிவுகளை 1999 முதல் 2002 வரை அதே இடத்தில் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டபோது, குறி வெட்டப்பட்ட நாளிலேயே சராசரி மட்டத்துக்கு வெகு மேலேதான் இருந்தது என்பதும், நிலத்தோடு ஒப்பிட்டுக் கடல் ஆண்டுக்குச் சராசரியாக 0.8 மி.மீ. உயர்ந்திருக்கிறது என்பதும் தெரிந்தன. மொத்தம் ஏறக்குறைய 13 செ.மீ. அங்கே நிலமும் மெல்ல எழுவதைக் கணக்கில் சேர்த்தால் ஆண்டுக்கு 1 மி.மீ. இது உலகச் சராசரியைவிடக் குறைவு என்பதை ஐயுறுவோர் சுட்டலாம், சுட்டுவது நியாயமே. இக்கணக்கு, உயர்வு இன்னும் வேகமெடுக்காத பத்தொன்பதாம் நூற்றாண்டையும் உள்ளடக்கியது என்பது அதற்கு ஒரு விளக்கம்.

கேள்வி: தம்ளர் நீரில் மிதக்கும் பனிக்கட்டி உருகினால் நீர் வழிவதில்லை. பின் துருவப் பனி உருகினால் கடல் ஏன் உயர வேண்டும்? (பள்ளி மாணவர்)

பதில்: மிதக்கும் பனிக்கு உங்கள் தம்ளர் சரியான சான்று; ஆர்க்டிக் கடலில் மிதக்கும் பனி முழுவதும் உருகினாலும் மட்டம் அநேகமாக மாறாது. கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் இருப்பது நிலத்தின் மேல் கிடக்கும் பனி. முன்னது முழுவதும் உருகினால் கடல் ஏறக்குறைய 7 மீட்டரும், பின்னது உருகினால் 58 மீட்டரும் உயரும். அப்படி நடக்கப் பல நூற்றாண்டுகள், ஆயிரமாண்டுகள்கூட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்னொன்று: 1971 முதல் 2018 வரையிலான உயர்வில் ஏறக்குறைய பாதி, பனி உருகியதால் வந்ததே அன்று, வெப்பமடைந்த நீர் விரிவடைந்ததால் வந்தது.

கேள்வி: அளவீடுகளை அவர்களே 'திருத்துகிறார்கள்'. வேண்டிய விடை வரும்வரை எண்களை மாற்றினால் அது அறிவியலா? (கணக்குத் தணிக்கையாளர்)

பதில்: வந்த கடிதங்களிலேயே கூர்மையானது இதுதான், தணிக்கையாளருக்கே உரிய கேள்வி. இரண்டு திருத்தங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, செயற்கைக்கோள் கணக்கில் ஆண்டுக்கு 0.3 மி.மீ. கூட்டப்படுகிறது. கொலராடோ பல்கலைக்கழகம் 2011இல் இதைத் தன் வரைபடத்தில் சேர்த்தபோது பெரும் கூச்சல் எழுந்தது. முன்பு சொன்ன பனியூழி நிலம் எழும்போது, பூமியின் உட்பொருள் அப்பக்கம் நகர்கிறது. கடலடித்தளம் சற்றே தாழ்ந்து, கடல் என்ற கொள்கலன் சிறிது பெரிதாகிறது. கடல்நீரின் கனஅளவு எவ்வளவு கூடியது என்று கேட்போருக்கு அந்த 0.3 தேவை. கரையில் வீடு கட்டியவருக்கு அது தேவையில்லை. வரைபடத்தின் கீழ் இதை இன்னும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கலாம் என்ற குறை எனக்கும் உண்டு. ஆயினும் அதை நீக்கினால் மூன்றுக்கு மேற்பட்ட மில்லிமீட்டர் மூன்றை ஒட்டி நிற்குமே தவிர, உயர்வு மறையாது.

இரண்டாவது, டோபெக்ஸ் கருவியின் முதல் சில ஆண்டு அளவுகளில், அதாவது ஏறத்தாழ 1993 முதல் 1998 வரை, ஒரு விலகல் இருந்தது. ஓதமானிகளோடு ஒப்பிட்டு அதைக் கண்டுபிடித்தார்கள். திருத்தியபோது அந்த ஆண்டுகளின் உயர்வு கூடவில்லை, குறைந்தது. ஆனால் தொடக்கம் தாழ்ந்ததால் பிற்காலத்து வேகம் கூடிவருவது தெளிவாயிற்று.

திருத்தத்தைச் சோதிக்கும் வழி, அதோடு தொடர்பில்லாத வேறொரு கருவியைக் கேட்பதே. கடல்களில் மிதக்கும் ஏறக்குறைய 4,000 ஆர்கோ மிதவைகள் 2,000 மீட்டர் ஆழம்வரை மூழ்கி எழுந்து வெப்பத்தை அளக்கின்றன; அதிலிருந்து நீர் எவ்வளவு விரிந்தது என்று தெரியும். 2002 முதல் 2017 வரை கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களும், 2018 முதல் அவற்றின் வாரிசுகளும் ஈர்ப்புவிசையைக் கொண்டு கடலில் சேர்ந்த நீரின் எடையை அறிகின்றன. இவ்விரண்டின் கூட்டுத்தொகை ரேடார் காட்டும் உயர்வோடு ஒத்துப்போக வேண்டும். பல ஆண்டுகள் ஒத்துப்போனது. 2016க்குப் பின் ஒத்துப்போகவில்லை. அதை ஆய்வாளர்களே வெளியிட்டு, ஆர்கோ மிதவைகள் சிலவற்றின் உப்பளவு உணரிகளிலும், ஜேசன்-3இல் காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவியிலும் பழுது இருப்பதைக் கண்டு சொன்னார்கள். கணக்கில் இடிக்கும் இடத்தைத் தாமே அச்சிட்டுக் காட்டும் நிறுவனத்தைத் தணிக்கை செய்யும் வாய்ப்பு உங்களுக்கு எத்தனை முறை கிடைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

கேள்வி: மோட்டார் வாகனம் எதுவும் இல்லாத காலத்திலேயே கடல் 120 மீட்டர் உயர்ந்திருக்கிறது. இப்போதைய 20 செ.மீ.க்கு மட்டும் மனிதனைக் குற்றம் சொல்வது ஏன்? (வங்கி ஊழியர்)

பதில்: சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல் இன்றைக்குவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது உண்மை. பூமியின் சுற்றுப்பாதையிலும் அச்சுச் சாய்விலும் ஏற்படும் மெதுவான மாற்றங்கள் அதைத் தொடங்கிவைத்தன. வளிமண்டலத்தில் கரியமில வாயு கூடியது அதை வளர்த்தது. பெரும் உருகல் ஓய்ந்தபின், கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் மட்டம் பெரிதாக மாறாமல் நின்றது. துறைமுகங்களும் கரையோர நகரங்களும் எழுந்தது அந்த அமைதியை நம்பித்தான். குறைந்தது 3,000 ஆண்டுகளில் எந்த நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டு அளவுக்கு விரைவான உயர்வு இல்லை.

இயற்கைக் காரணம் இருக்கக்கூடும் என்பதை எவரும் மறுக்கவில்லை. அது இப்போது செயல்படுகிறதா என்பதே கேள்வி, அதை அளந்து பார்க்கவும் முடியும். 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியின் ஆற்றலை அளந்துவருகின்றன. பதினோராண்டுச் சுழற்சி தெரிகிறதே தவிர, ஏறுமுகம் இல்லை. சூரியனே காரணமாயின் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாக வேண்டும். ஆனால் அது குளிர்ந்துவருகிறது. வெப்பம் கீழேயே சிறைப்படுவதன் அடையாளம் அது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அதன் கரிம அணுக்களின் கலவை, நிலக்கரியும் எண்ணெயும் எரிந்ததன் தடத்தைக் காட்டுகிறது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி உயர்வில் இயற்கைக்கும் பங்கு உண்டு என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். பிற்பகுதிக்கு அந்த விளக்கம் போதாது.

கேள்வி: மாலத்தீவுகள் முப்பது ஆண்டுகளில் மூழ்கிவிடும் என்று 1988இல் செய்தி வந்தது. மூழ்கவில்லை. பசிபிக் தீவு நாடான துவாலு வளர்ந்தே இருக்கிறதாம். இதற்கு என்ன சொல்கிறீர்கள்? (சுற்றுலாத் துறையில் பணிபுரிபவர்)

பதில்: அந்தச் செய்தி தவறிவிட்டது. அதைப் பூசி மெழுகுவதில் பயனில்லை. துவாலு பற்றியும் நீங்கள் சொல்வது சரி: 101 தீவுகளின் பழைய வான்படங்களையும் புதிய படங்களையும் ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு, 1971 முதல் 2014 வரை மொத்த நிலப்பரப்பு 2.9 விழுக்காடு கூடியதாகக் காட்டியது. அத்தனைக்கும் அங்கே கடல்மட்டம் அதே காலத்தில் உயர்ந்துகொண்டுதான் இருந்தது.

இரண்டும் ஒன்றாக எப்படி நடக்கும்? பவளத்தீவு, கடலுக்குள் நட்டுவைத்த பாறைத் தூண் அன்று. சுற்றியுள்ள பவளத்திட்டில் உடையும் துண்டுகளும், சிப்பிகளின், நுண்ணுயிர்களின் ஓடுகளும் மணலாகி, அலைகளால் கொண்டுவந்து குவிக்கப்பட்ட மேடு அது. புயலலை ஒரு கரையை அரிக்கும், இன்னொரு கரையில் கொட்டும். திட்டில் பவளம் உயிரோடிருந்து மணல் வந்துகொண்டிருக்கும்வரை தீவு தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆனால் பரப்பு கூடுவதும் உயரம் கூடுவதும் ஒன்றல்ல. மனிதர்கள் வாழ்வதற்கு மணலின் அடியில் மெல்லிய அடுக்காகத் தேங்கும் நன்னீர் வேண்டும். அலை ஒருமுறை தீவைக் கடந்துபோனால் அது உப்பாகிவிடும். மேட்டின் மீது கான்கிரீட் சுவர் எழுப்பிவிட்டால் மணல் ஏறவும் வழியில்லை. கடல் சூடேறிப் பவளம் வெளுத்துச் செத்தால் மணலின் ஊற்றே அடைபடும்.

'மூழ்கும் தீவு' என்ற படிமம் மலிவானது என்பது என் கருத்து. 2009 அக்டோபரில் மாலத்தீவு அமைச்சரவை முக்குளிக்கும் உடையில் கடலடியில் கூடியபோது உலகம் முழுவதும் அந்தப் படம் அச்சானது. தீவு மறைவதற்கு வெகு முன்பே குடிநீர் போய்விடும் என்ற செய்தி அதில் தெரியவில்லை.

கேள்வி: காலநிலை மாற்றத்தை நீங்கள் நம்புகிறீர்களா, இல்லையா? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.

பதில்: அளக்கிறேன்.

கேள்வி: கடந்த நூறாண்டு வேகத்தை அப்படியே நீட்டினால் 2100க்குள் இன்னும் பதினைந்து இருபது சென்டிமீட்டர்தான். ஒரு மீட்டர் என்று பயமுறுத்துவது ஏன்? (வீட்டுமனை விற்பனையாளர்)

பதில்: உங்கள் கணக்கைச் சட்டமாக்கவே ஒரு முயற்சி நடந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஓர் அறிவியல் குழு, 2100க்குள் ஒரு மீட்டர் உயர்வுக்குத் திட்டமிடலாம் என்று 2010இல் பரிந்துரைத்தது. கரையோர மனை வளர்ச்சியை விரும்பியோர் எதிர்த்தனர். பழைய வேகத்தை நேர்கோடாக நீட்டுவதை மட்டுமே அனுமதிக்கும் வரைவு ஒன்றும் எழுந்தது. 2012இல் நிறைவேறிய சட்டம் அவ்வளவு தூரம் போகாமல், 2016வரை முடிவைத் தள்ளிவைத்து மறு ஆய்வு கேட்டது. அடுத்த அறிக்கை நூறாண்டை விட்டு முப்பதாண்டுக்கு மட்டும் கணித்தது. கேலி செய்தவர்கள் பலர். முப்பதாண்டு எல்லை ஒரு வீட்டின் அடமானக் காலத்தோடு பொருந்துவதால் அது மோசமான யோசனை அன்று என்றே நான் நினைக்கிறேன்.

நேர்கோட்டின் குறை இதுதான்: 1901 முதல் 1971வரை ஆண்டுக்கு 1.3 மி.மீ., 1971 முதல் 2006வரை 1.9, 2006 முதல் 2018வரை 3.7. இது நேர்கோடு அன்று. மறுபக்கம், ஐ.நா.வின் காலநிலைக் குழு 1990இல் பத்தாண்டுக்கு 6 செ.மீ. என்று கணித்து, 3 முதல் 10வரை இருக்கலாம் என்று இடைவெளியும் கொடுத்தது. செயற்கைக்கோள்கள் அடுத்த முப்பது ஆண்டுகளில் கண்டது மொத்தம் ஏறக்குறைய 10 செ.மீ.; அதாவது இடைவெளியின் கீழ்முனைக்கு அருகே. அக்குழுவின் 2021 அறிக்கை, வாயு வெளியேற்றத்தைப் பொறுத்து, 2100க்குள் 28 செ.மீ. முதல் ஒரு மீட்டர்வரை என்கிறது. பனிவிரிப்பு எப்படி உடையும் என்பது சரியாகப் புரியாததால் அதற்கு மேலும் போகலாம் என்றும் சேர்த்திருக்கிறது. விற்பவர் கீழ்முனையையும் வாங்குபவர் மேல்முனையையும் பார்ப்பது இயல்பு.

கேள்வி: யாரையும் நம்பாமல் நானே சரிபார்க்க வழியுண்டா? (பொறியியல் மாணவி)

பதில்: உண்டு. 1933 முதல் இயங்கிவரும் சராசரிக் கடல்மட்ட நிரந்தரச் சேவை, லிவர்பூலில் இருந்து, உலக ஓதமானிகளின் மாதாந்திர, ஆண்டுச் சராசரிகளை இலவசமாகத் தருகிறது. ஐம்பது ஆண்டுக்குக் குறையாத பதிவுள்ள நிலையங்களாக, வெவ்வேறு கண்டங்களில் பத்துப் பன்னிரண்டைத் தேர்ந்தெடுங்கள். அருகில் உள்ள ஜி.பி.எஸ். நிலையத்தின் தரவிலிருந்து அங்கே நிலம் எழுகிறதா, தாழ்கிறதா என்று பார்த்து, எழுந்தால் அந்த அளவைக் கூட்டுங்கள், தாழ்ந்தால் கழியுங்கள். பிறகு சரிவைக் கணக்கிடுங்கள். தொடக்க ஆண்டையும் இறுதி ஆண்டையும் முன்னும் பின்னும் மாற்றிப் பார்க்க மறக்காதீர்கள். அப்படி மாற்றும்போது விடையும் தலைகீழாக மாறினால் உங்கள் பதிவு குறுகியது என்று பொருள். 2010, 2011இல் உலகக் கடல்மட்டமே ஏறக்குறைய 5 மி.மீ. இறங்கியது. பசிபிக் கடலின் வெப்பமண்டலப் பரப்பு வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா காலத்துப் பெருமழை தென்னமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கொட்டியதும், ஆஸ்திரேலியாவின் உட்பகுதித் தாழ்நிலத்தில் விழுந்த நீருக்குக் கடலுக்கு வழி இல்லாததும் காரணம். அந்த இரண்டு ஆண்டுகளை மட்டும் வெட்டியெடுத்து 'கடல் இறங்குகிறது' என்று எழுதியவர்கள் இருந்தார்கள். 2012இல் மட்டம் பழைய இடத்தைத் தாண்டிவிட்டது. உங்கள் கணக்கை நிலையங்களின் பெயரோடு அனுப்புங்கள். என் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டாலும் வெளியிடுகிறேன்.